ஆடியில் மனை பார்த்தல்

தை, மாசியில்தான் மனை காட்டுவேன்.
வாடை வடகிழக்கிலிருந்து தள்ளும்,
குப்பை மேட்டுப் புகை
குளத்தைப் பார்த்து மேற்கே போய்விடும்.
அங்கே குடியிருப்பவை நாரைகள்,
வில்லங்கச் சான்று கேட்காதவை.

ஆனியில் காற்று திரும்பும்.
குற்றாலத்துச் சாரலைத் தூக்கிவரும் அதே காற்று
வழியில் மேட்டையும் தடவிக்கொண்டு வரும்.
டயர், தெர்மாகோல், ஆஸ்பத்திரிப் பஞ்சு,
எரிந்தும் எரியாததுமாக ஒரு நெடி
நாக்கின் அடியில் இரண்டு நாள் கிடக்கும்.
நல்லவேளை, ஆடியில் எவரும்
மனை பார்க்க வருவதில்லை.
பஞ்சாங்கம் என் கூட்டாளி,
கமிஷன் கேட்காத கூட்டாளி.

முப்பிடாதி ஆடி பதினொன்றில் வந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் பஸ் மாறி
நாலுவழிச்சாலையில் இறங்கி
தனியாக நடந்து வந்திருந்தாள்.
"ஆடி போகட்டுமே" என்றேன்.
"தையில வந்தா நல்லதத்தான காட்டுவிய" என்றாள்.

நாற்பத்தொன்றாம் எண் கல். மூன்று சென்ட்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
நான் மனப்பாடத்தை எடுத்துவிட்டேன்:
முப்பதடி ரோடு,
போர் போட்டால் நூற்றைம்பதடியில் தண்ணீர்,
பக்கத்தில் ஸ்கூல் வரப்போகிறது.
தண்ணீரின் நிறத்தை நான் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

எரிகிற சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கறுப்புப் பைகள், நூறு நூறாக.
"அதுல எம் முடிச்சும் கெடக்கும்."
பெருமாள்புரத்தில் நாலு வீட்டு வேலை அவளுக்கு.
"ரெட்ட முடிச்சு. நாயி அவுக்காது."
சிரித்தாள், இருமினாள்,
எது முதலில் என்று தெரியவில்லை.

அந்த நாலில் ஒரு வீட்டை முடித்துக்கொடுத்தவன் நான்.
சென்ட் இருபத்திரண்டு லட்சம்.
அந்த அம்மா அன்று கேட்டது ஒன்றுதான்:
பக்கத்தில் செல்போன் டவர் இருக்கிறதா,
பிள்ளைக்கு ஆகாதாம்.
இல்லை என்றேன். இல்லைதான்.
அங்கே பொய் சொல்லும் தேவையே வருவதில்லை.

இங்கே சென்ட் ஒன்றேகால்.

நான் இருப்பது மகாராஜ நகரில், வாடகைக்கு.
காற்றையும் சேர்த்துத்தான் வாடகை.

"மேட்ட மூடப்போறதாப் பேசிக்கிடுதாவ" என்றேன்,
விலையைக் கொஞ்சம் தூக்கலாமென்று.
அவள் முகம் மாறியது,
நான் எதிர்பார்த்த பக்கமாக அல்ல.
"எப்பம்?"
"ரெண்டு வருசத்துலங்காவ."
"அப்பம் வெரசாப் பத்திரத்த முடிங்க அண்ணாச்சி.
பொக நின்னுட்டுன்னா
நமக்கு இங்கன ஏது எடம்?"

இருபத்துமூன்று வருடத் தொழில்.
விலைக்கு உண்டான காரணத்தை
வாங்க வந்தவர் வாயாலேயே கேட்டது அன்றைக்குத்தான்.
முன்பணத்தை எண்ணினேன்.
நோட்டில் பினாயில் வாசம்.
இரண்டாம் தடவை எண்ணும்போது
என் கண்ணிலும் தண்ணீர்,
புகைதான், வேறொன்றுமில்லை.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
கால் பெருவிரலால் தரையில் கோடு இழுத்தாள்.
சாம்பல் படிந்த மண்
கோட்டை நன்றாகவே வாங்கிக்கொண்டது.
இங்கே அடுப்படி. இங்கே பிள்ளைகள் படுக்க.
வாசல் கிழக்கே.
தெற்கே ஒரு சன்னல்,
வடக்கே சின்னதாக இன்னொன்று.
மேற்கில் மட்டும் விரல் எங்கும் நிற்காமல்
ஒரே கோடாகப் போய் முடிந்தது.

சாரல் காற்று வருமே என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூடிக்கொண்டேன்.

பெருமாள்புரத்து வீட்டில்
மேற்கே பார்த்த பெரிய சன்னல் ஒன்று உண்டு.
அதைக் காட்டித்தான் அந்த வீட்டை விற்றேன்.
ஆனி பிறந்துவிட்டால்
தினமும் காலை ஏழு மணிக்கு
அதைத் திறந்துவைப்பது
முப்பிடாதி.